இரும்பு அக்காவின் சுண்டெலி

பிப்ரவரி 4

தம்பிக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அம்மாவைக் கேட்டால், "குளிச்சிட்டிருக்கான்" என்கிறாள். காலையில் கூப்பிட்டாலும் குளிக்கிறாய், சாயங்காலம் கூப்பிட்டாலும் குளிக்கிறாய். சின்ன வயதில் உன்னைக் குளியலறைப் பக்கம் இழுத்துப்போக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தாளைக் கையில் வைத்துக்கொண்டு குளிக்க முடியாது என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

உன் மேலாளரிடம் நான் பேசியதுதான் உன் கோபம். அவர் கூப்பிட்டு, "உங்க இரும்பு எங்க பிளான்ட்ல ஓடவே மாட்டேங்குது மேடம், என்ன காரணம்?" என்று கேட்டார். "செய்யற கையில கவனம் பத்தல" என்றேன். அது உன் கை என்று தெரிந்துதான் சொன்னேன். வேறு என்ன சொல்ல? இரண்டு பென்சீன் வளையங்களை ஒன்றோடொன்று இணைக்க எல்லோரும் பல்லேடியத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதன் விலை தங்கத்தோடு போட்டி போடும். அதே வேலையை என் சோதனைக்கூடத்தில் ஒரு இரும்பு அணைவு செய்கிறது. நடுவில் ஒரு இரும்பு அணு, அதை நாலு பக்கமும் பிடித்துக்கொண்டு ஒரு கரிம மூலக்கூறு, அவ்வளவுதான். அந்தக் கட்டுரை வந்த பிறகுதான் துறையில் எனக்கு "இரும்பு அக்கா" என்று பேர் வந்தது. அதை உன் கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் நீதான். "எங்க அக்கா கண்டுபிடிச்சது" என்று நீ மார்தட்டியதால்தான் ரத்த அழுத்த மாத்திரைக்கான மூலப்பொருளை இரும்பில் செய்து பார்க்கலாம் என்று அவர்கள் இறங்கினார்கள்.

கரைப்பானை மறுபடி உலர்த்து. குடுவையைச் சூடாக்கி, நைட்ரஜனை ஓடவிட்டு, ஆறிய பிறகு இரும்பைப் போடு. காற்றும் ஈரமும் பட்டால் அது செத்துப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக அவசரப்படாதே. நீ தொட்டதெல்லாம் உடையும் என்று வீட்டில் உனக்கு "உடைசல்" என்று பேர். அந்தப் பேரை ஆபீஸ் வரைக்கும் கொண்டுபோகாதே.

எனக்கும் ஒன்றும் சுகமில்லை. மேசை முழுக்கத் திருத்தாத விடைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை, எழுந்தால் உட்கார இடுப்பு விடுவதில்லை.

அக்கா

பிப்ரவரி 17

அக்காவுக்கு,

நான் குளிக்கவில்லை. உன் கடிதத்தைக் குடோனில் உட்கார்ந்து படித்தேன். ஆமாம், என்னைப் பைலட் பிளான்ட்டிலிருந்து எடுத்துக் கரைப்பான் குடோனில் போட்டுவிட்டார்கள். டொலுவீன் பீப்பாய் வந்தால் கையெழுத்து, போனால் கையெழுத்து. மேலாளரிடம் போய் நின்றேன். "நான் என்னப்பா பண்றது, உங்க சொந்த அக்காவே சொல்லிட்டாங்களே" என்றார். குடோன் சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீ சொன்னதையெல்லாம் நீ சொல்வதற்கு முன்பே செய்துவிட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தேன். கரைப்பானை உலர்த்தினேன், நைட்ரஜனை மாற்றினேன், நீ கொடுத்தனுப்பிய அதே புட்டியிலிருந்து அதே ஆரஞ்சுத் தூளைத்தான் போட்டேன். குடுவை பழுப்பாகும். நான் அதில் ஒரு துளியை எடுத்துச் சோதனைத் தகட்டில் புள்ளி வைத்துப் பார்ப்பேன். புற ஊதா விளக்கின் கீழே பார்த்தால், போட்ட பொருள் போட்டபடியே இருக்கும், புதுப் பொருளுக்கான புள்ளி வராது. மறுநாளும் அதே கதை. பக்கத்தில் நின்ற ஆபரேட்டர், "உங்க அக்கா கைராசி உங்களுக்கு இல்ல போலிருக்கு சார்" என்றார். நல்ல மனுஷன், ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது எங்கேயோ போய்க் குத்தியது. அந்த வாக்கியத்தை நான் அம்மா வாயிலிருந்து கேட்டே வளர்ந்தவன். நீ நட்ட செடி பிழைக்கும், நான் நட்டது வாடும். நீ கட்டிய முடிச்சு நிற்கும், நான் கட்டியது அவிழும்.

அவ்வளவு நம்பிக்கை இருந்தால் நேரில் வந்து செய்துகாட்டு. வரும்போது உன் சுண்டெலியையும் கொண்டுவா. அது இல்லாமல் உனக்குத்தான் கை ஓடாதே. குடுவைக்குள் சுழன்று கலக்குகிற காந்தத் துண்டு எங்களிடமும் இருக்கிறது. பெட்டி பெட்டியாகப் புதுசு இருக்கிறது. ஆனால் படிக்கிற காலத்திலிருந்து சுண்டெலி என்று பேர் வைத்து நீ பொத்திப் பொத்தி வைத்திருக்கும் அந்தச் சாம்பல் பூத்த கிழட்டுக் காந்தம் மாதிரி வராதில்லையா? விஞ்ஞானி என்று பேர், பர்ஸில் தாயத்து.

அம்மா நீ எப்போது வருகிறாய் என்று கேட்கச் சொன்னாள்.

தம்பி

மார்ச் 6

தம்பிக்கு,

இங்கே திரும்பி வந்து சேர்ந்துவிட்டேன். ரயிலில் தூக்கமே இல்லை, எதிர் சீட்டுக் குழந்தை விடியும்வரை அழுதது.

செய்துகாட்டு என்றாய், செய்துகாட்டினேன். புள்ளி வந்ததும் உன் மேலாளருக்கு வாயெல்லாம் பல். உன் முகத்தில்தான் ஈயாடவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஜெயித்த சந்தோஷமே போய்விட்டது. உன் குடுவை, உன் கரைப்பான், உன் நைட்ரஜன். நீ என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தாய். "இதத்தானே நானும் பண்ணேன்" என்று ஒருதரம் முணுமுணுத்தாய். எனக்குக் காது கேட்காது என்று நினைத்தாயா? அப்போதே திரும்பி உன்னிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மேலாளர் பக்கத்தில் நின்றார், விட்டுவிட்டேன்.

வழியனுப்ப நீ ஸ்டேஷனுக்கு வருவாய் என்று ரயில் கிளம்பும்வரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொல்லாதே.

குடோனிலிருந்து உன்னை மறுபடி மேலே எடுக்கச் சொல்லி மேலாளரிடம் கேட்டிருக்கிறேன். "பழகிக்கட்டும், ஒரு வாய்ப்பு குடுங்க" என்றேன். எழுதிப் பார்க்கும்போது அதுவும் உனக்குக் கோபம் வருகிற மாதிரிதான் இருக்கிறது. நல்லது சொல்லப்போனாலும் என் வாயில் இப்படித்தான் வருகிறது.

கிளம்பிய அவசரத்தில் என் வெள்ளைக் கோட்டை உங்கள் லேப் கதவு ஆணியிலேயே விட்டுவிட்டேன். இன்னும் என்னென்ன விட்டேனோ தெரியவில்லை.

அக்கா

மார்ச் 21

அக்காவுக்கு,

ஓடுகிறது. என் கையில் ஓடுகிறது. முதல் தடவை புள்ளி வந்தபோது நான் நம்பவில்லை, விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வந்துட்டுதே சார்" என்று தன் வீட்டு விசேஷம் போலச் சிரித்தார். அதற்குப் பிறகு ஓட்டியதெல்லாம் ஓடியது. மறுபடி பைலட் பிளான்ட்டில்தான் இருக்கிறேன், குடோன் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

ஸ்டேஷனுக்கு வந்தேன். தூண் பக்கத்தில் நின்றேன், நீ எட்டிப் பார்த்ததையும் பார்த்தேன். கோபம் கால்களைப் பிடித்துக்கொண்டது. அதையும் அம்மாவிடம் சொல்லவில்லை.

நீ செய்ததிலிருந்து நான் என்ன மாற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒருவேளை நீ நின்ற இடத்தில் நின்றால் போதுமோ என்னவோ. உன் கோட்டை மடித்து வைத்திருக்கிறேன். உன் சுண்டெலியையும் குடுவைக்குள்ளேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதையே கழுவித் துடைத்து நானும் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கேலி பண்ணினவனே அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன், நீ சிரித்துக்கொள். கூரியரில் அனுப்பவா, அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொள்கிறாயா?

அடுத்த மாதம் பெரிய ரியாக்டரில் ஏற்றுகிறோம். அதில் காந்தமெல்லாம் இல்லை, மேலிருந்து இறங்குகிற துடுப்புதான். அம்மா எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

தம்பி

ஏப்ரல் 5

தம்பிக்கு,

பெரிய ரியாக்டரில் ஏற்றாதே. இந்தக் கடிதம் வரும்போது ஏற்றியிருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்.

ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து என் கூடத்தில் இரும்பு ஓடவில்லை. மாணவி ஒருத்தி செய்தாள், ஓடவில்லை. வழக்கம்போல, "கவனம் பத்தல" என்றேன். பிறகு நானே செய்தேன். நானே, என் கையால். புள்ளி வரவில்லை. கரைப்பானைக் குறை சொன்னேன், தண்ணீர்க் குழாயைக் குறை சொன்னேன், நைட்ரஜன் கொண்டுவந்து போட்டவரைக் கூடத் திட்டிவிட்டேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. சுண்டெலியைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்ததும் அந்த வரிக்கே மறுபடி போனேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான் படித்தது முழுக்கப் பல்லேடியம் புழங்கிய கூடத்தில். சுண்டெலி அங்கே கிடந்ததுதான். காந்தத்தை மூடியிருக்கும் டெஃப்லான் தோல் முழுக்கக் கீறல். இங்கே வந்த பிறகும், இரும்பு எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, அவ்வப்போது பல்லேடியத்தையும் ஓட்டுவேன். அதே சுண்டெலியைப் போட்டுத்தான். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, அதே சுண்டெலியை இரும்புக்குள் போடுவேன். சோப்புக்குப் பல்லேடியம் போகாது. அது கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும், இந்த வேலையைச் செய்துவிடும். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற விஷயம் இது.

எனக்கு இன்னும் மோசமாக ஒன்று ஞாபகம் வருகிறது. பிள்ளைகள் யாருக்காவது ஓடவில்லை என்றால் என்னிடம் வந்து, "மேடம், சுண்டெலிய ஒரு நாள் இரவல் குடுங்க" என்பார்கள். கொடுப்பேன், ஓடும், எல்லோரும் சிரிப்போம். கண்ணாடிப் பெண் என்று ஒருத்தி இருந்தாள். அவள் மட்டும் கேட்கமாட்டாள். "காந்தத்துக்கும் இதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?" என்பாள். அவளுக்கு ஒருமுறைகூட ஓடவில்லை. சோம்பேறி என்றேன், எல்லோருக்கும் முன்னால். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள். எங்கே இருக்கிறாளோ.

எனக்காக இரண்டு வேலை செய். இரும்பே போடாமல், சுண்டெலியை மட்டும் போட்டு ஒருமுறை ஓட்டு. பிறகு அதை ராஜ திராவகத்தில் ஊறப்போட்டுக் கழுவி, இரும்பைப் போட்டு ஓட்டு. கீறலுக்குள் இருக்கும் பல்லேடியத்தை அந்த அமிலம் கரைத்துவிடும். ஒருவேளை நான் பயப்படுவது எதுவும் இல்லாமலும் இருக்கலாம். சுண்டெலியை இங்கே அனுப்பாதே. அனுப்பினால் நான் அதை எடுத்து வைத்துக்கொண்டு நாளை நாளை என்று தள்ளுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அக்கா

ஏப்ரல் 14

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் ஏற்றிவிட்டோம். பெரிய ரியாக்டரில் ஓடவில்லை. உள்ளே இருந்ததை எடுத்துப் பார்த்தால் போட்டபடியே இருக்கிறது, மொத்தமும் வீண். கூட்டம் போட்டார்கள். "சின்னக் குடுவையில வருது, பெரிசுல வரல, அப்போ ஏத்தினவர் என்ன பண்ணினார்?" என்று மேலாளர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் என்னைத்தான் பார்த்துக்கொண்டேன்.

நீ சொன்ன முதல் வேலையைச் செய்தேன். இரும்பு போடவில்லை, சுண்டெலி மட்டும். ஓடியது அக்கா. புள்ளி எப்போதையும்விடப் பளிச்சென்று வந்தது. அந்தத் தகட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை.

இரண்டாவது வேலையைச் செய்யவில்லை. சுண்டெலி என் மேசை டிராயரில் இருக்கிறது. கழுவாமல் இருப்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, திட்டாமல் கேள். பெரிய ரியாக்டரில் இரும்போடு துளியூண்டு பல்லேடியத்தையும் போடலாம். அதற்குத் துணைப்பொருள் என்று ஏதாவது ஒரு பேர் வைத்துப் பூசி மெழுகிவிடலாம். மாத்திரைக்கான சரக்கு சுத்தமாக வரும், யாருக்கும் கெடுதல் இல்லை. உன் இரும்பு இரும்பாகவே இருக்கும். எனக்கும் நாலு நாள் திட்டு விழும், அப்புறம் மறந்துவிடுவார்கள். உன் கட்டுரை, உன் பேர், உன் பிள்ளைகள் வாங்கிய பட்டம் எல்லாம் அந்த இரும்பின் மேல்தானே நிற்கிறது? என் தலையில் என்ன நிற்கிறது? நான் பிறந்ததிலிருந்து உடைசல்தான். பழகிப்போன பேர், இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

களைப்பாக இருக்கிறது அக்கா. கழுவினால் உன் பேர் போகும், கழுவாவிட்டால் என் பேர் போகும். இரண்டில் எது மலிவு என்று எனக்குத் தெரியும்.

தம்பி

ஏப்ரல் 23

தம்பிக்கு,

உனக்கு அந்தப் பேரை வைத்தது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? நான்தான். உடைந்தது ஒரு கண்ணாடிக் கிண்ணம். மேசை ஓரத்தில் அதை வைத்தது நானா நீயா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் பேர் உனக்கு ஒட்டிக்கொண்டது. நீ அதை மலிவு என்கிறாய். படித்ததும் எனக்கு உன்மேல் கோபம் வந்தது, அப்புறம் என்மேல் வந்தது, கடைசியில் அழுகை வந்தது. பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்து வகுப்பெடுத்தேன்.

துணைப்பொருள் யோசனையை இனி யாரிடமும் வாயில் எடுக்காதே. உன் மேலாளருக்கு நேற்றுக் கடிதம் எழுதிவிட்டேன். உங்கள் ஆள் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார், அவர் கையில் குறையில்லை, குறை என் வினையூக்கியில், அது இரும்பின் வேலையே இல்லை என்று எழுதினேன். கையில் கவனம் போதாது என்று போனில் சொன்னது தவறு என்றும் எழுதினேன். கட்டுரை வெளிவந்த இதழுக்கும் எழுதி அதைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டேன். துறைத் தலைவர் அறைக்குக் கூப்பிட்டார். "கொஞ்ச நாள் பொறுத்து எழுதியிருக்கலாமே, ரிட்டயர் ஆக எவ்வளவு காலம்தான் இருக்கு?" என்றார். "அதுக்காகத்தான் சார் இப்பவே எழுதினேன்" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை, விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிப் பெண்ணின் விலாசத்தைத் தேடிப் பிடித்து அவளுக்கும் எழுதினேன். பதில் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

இப்போதாவது கழுவு. இரும்பு இல்லாமல் ஓடியது என்றால் எல்லாம் பல்லேடியம்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இரும்பும் ஓரளவாவது செய்திருக்குமோ என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது. நூற்றில் ஒரு பங்கு போதும். அதை நான் ஒருவரிடமும் சொல்லமாட்டேன், வைத்துக்கொள்வேன். உன் கையால் கழுவு. வேறு யார் செய்தாலும் நான் நம்பமாட்டேன்.

அக்கா

மே 4

அக்காவுக்கு,

கழுவிவிட்டேன்.

ராஜ திராவகத்துக்குள் போட்டதும் கீறல்களிலிருந்து பழுப்பாக ஏதோ மெல்லிசாகக் கசிந்து இறங்கியது. நான் பக்கத்திலேயே நின்றேன். எடுத்துத் தண்ணீரில் அலசிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, நம் சுண்டெலி என்று அடையாளமே தெரியவில்லை. இரும்பைப் போட்டு ஓட்டினேன். நான் வாழ்நாளில் எதையும் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை. முன்பெல்லாம் என்னை நிரூபிக்க ஓட்டினேன், இந்தத் தடவை உனக்காக ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஓட்டினேன். ஓடவில்லை. புதிதாகக் கரைப்பான் எடுத்து மறுபடி ஓட்டினேன். சூட்டைக் கூட்டி ஓட்டினேன். நீ கேட்ட அந்த ஒரு பங்கைத் தேடினேன் அக்கா, தகட்டை விளக்குக்குக் கீழே இப்படியும் அப்படியும் திருப்பித் தேடினேன். ஒன்றும் இல்லை. பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். என் கையால் செய்யச் சொன்னாயே, அதனால் முடியவில்லை.

உன் கடிதத்தை மேலாளர் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் படித்தார். "அவர் கையில் குறையில்லை" என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பெரிய ரியாக்டரில் இரும்பு கிடையாது, வெளிப்படையாகவே கொஞ்சமாகப் பல்லேடியத்தைப் போட்டு ஓட்டப்போகிறார்கள், பொறுப்பு எனக்குத்தான். ஆபரேட்டர் வந்து கையைக் குலுக்கினார். குறையில்லை என்ற அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன். வந்தபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. குடோனுக்குப் போய்க் கொஞ்ச நேரம் பீப்பாய்களோடு உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். இரும்பு, பல்லேடியம் எல்லாம் அவளுக்கு எதற்கு என்று சுருக்கமாகத்தான் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்போ நீ எதையும் கெடுக்கலையா?"

"இல்லம்மா."

"இத்தன நாளும் சரியாத்தான் செஞ்சிட்டிருந்தியா?"

"ஆமாம்மா."

ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அதை அடுக்கில் வைத்துவிட்டு, "அவ அங்க தனியா உக்காந்திருப்பா. போனப் போட்டுக் குடு" என்றாள்.

போட்டுக் கொடுத்தேன். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன், நீ எடுக்கவில்லை. அம்மா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "குளிச்சிட்டிருப்பா" என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். குளித்து முடித்ததும் கூப்பிடு அக்கா. எந்த நேரமானாலும் எடுக்கிறேன்.

தம்பி